மூன்றாவது குழாய்

செங்கம் சாலையில் ஒரு வெள்ளைக்காரர் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று எதிர் வீட்டம்மா வந்து சொன்னது 1997 டிசம்பரில், திருவண்ணாமலையில் தீபக் கூட்டம் கலைந்த வாரம். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தவர் எங்கள் மாடியில் குடியிருந்தவர். தள்ளிக்கொண்டு வந்தது இஸ்திரி வண்டி இல்லை. ஆனால் அப்படி நினைத்ததற்காக எதிர் வீட்டம்மாவைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சக்கரம், இடுப்பு உயரம், மேலே கறுப்பாக ஒரு மூடி, பக்கத்தில் ஒரு பலகை. வழியில் இரண்டு பேர் அவரை நிறுத்தி, சட்டைக்கும் பேண்டுக்கும் என்ன கூலி என்று கேட்டிருக்கிறார்கள். அதை அவர் புகாராகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

அது காஸில் எரியும் பார்பிக்யூ அடுப்பு. ஆசிரமப் பகுதியில் பல வருடம் தங்கியிருந்த ஒரு தம்பதி ஊரைவிட்டுப் போகும்போது இவரிடம் விட்டுப் போயிருந்தார்கள். இரண்டு ஆட்களை வைத்து அதை மாடிக்கு ஏற்றி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வெளியே, திறந்த மாடியில் நிறுத்தினோம். எங்கள் வீட்டில் அதற்கு 'மேல் அடுப்பு' என்று பெயர் வந்தது.

நான் மாவட்டம் பிரிந்த 1989-இல் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவன். நில அளவைத் துறையில் வேலை. ஒரு நிலம் யாருடையது, எங்கே முடிகிறது என்பதைத் தவிர வேறெதையும் அலுவலகத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. 1992-இல் கல்யாணம். மனைவி கீழ்பென்னாத்தூர்க்காரி. மறு வருடம் வீடு கட்டினோம். 1994 முதல் அந்த வெள்ளைக்காரர் மாடி அறைக்கு வர ஆரம்பித்தார். டிசம்பரில் வருவார், மார்ச் கடைசியில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார். அவருடைய நாட்டில் தொழிற்சாலைகளில் பாய்லர்களைச் சோதனை செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலைக்கு ஏன் வந்தார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் பகுதியில் அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் நீளமானவை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போது கல்யாணமாகி ஐந்து வருடம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பைப் பற்றி எழுதப் போகிற எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் எரிந்துகொண்டிருந்தது.

மேல் அடுப்புக்கு நான் விதித்த ஒரே நிபந்தனை, கறி, மீன் கூடாது என்பது. அவர் ஏற்கெனவே சைவத்துக்கு மாறியிருந்தார். கத்திரிக்காய், பரங்கிக்காய், மக்காச்சோளம், ஒரு தடவை வாழைப்பழம் என்று சுட்டார். எதிர் வீட்டம்மா மட்டும் இதை நம்பவில்லை.

"இன்னாதான் வறுக்குறாரு உங்க வெள்ளைக்காரரு?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"கத்திரிக்கா."

"கத்திரிக்காய்க்கு இவ்ளோ பெரிய அடுப்பா? மூடி வேற போட்டு?"

"மூடிப் போட்டாதான் உள்ள வேவுமாம்."

"மூடிப் போட்டு செய்றவங்க எல்லாருமே அதத்தான் சொல்வாங்க."

மனைவி அடுத்த நாள் சுட்ட கத்திரிக்காயில் கொத்சு செய்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. கருத்து எதுவும் வரவில்லை.

1998 மார்ச்சில் ஊருக்குக் கிளம்பும் முன் அவர் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, எட்டு மாதத்துக்கு அடுப்பை எப்படி வைக்க வேண்டும் என்று செய்து காட்டினார். முதலில் மூடியை மூடி, மூன்று பர்னரையும் முழு வேகத்தில் எரிய விட வேண்டும். கம்பித் தட்டில் ஒட்டியிருப்பதெல்லாம் கருகிச் சாம்பலாகிவிடும். அணைத்து, சூடு கொஞ்சம் இருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் பிரஷ்ஷின் கம்பி ஒன்று உதிர்ந்து தட்டில் தங்கினால் அடுத்த வருடம் அது யாருடைய தொண்டைக்காவது போகும். அடியில் எண்ணெய் வடியும் தட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். தீ பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். பிறகு கம்பித் தட்டுக்குத் துரு ஏறாமல் எண்ணெய் தடவ வேண்டும். அதற்கு அவர் ஏதோ ஒரு எண்ணெயின் பெயரைச் சொன்னார். என் மனைவி கீழே போய் அவள் ஊர்ச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைக் கொண்டுவந்தாள். அவர் மோந்து பார்த்து, இது வீணாகப் போகிறதே என்றார்.

சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை நிமிர்த்தி வெளியிலேயே காற்றோட்டமாக வைக்க வேண்டும். அறைக்குள் கூடாது, மாடிப்படிக்கு அடியில் கூடாது. திரும்ப மாட்டும்போது டியூபின் இரண்டு முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. இதையெல்லாம் அவர் கோயில் குருக்கள் மாதிரி, எந்த வரியையும் அழுத்தாமல் ஒரே சுருதியில் சொன்னார். குரல் மாறியது ஒரே இடத்தில்தான்.

பர்னர் ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து ஒரு குழாய் முன்பக்கம் வருகிறது. திருகுக்குப் பின்னால் அதன் வாய் திறந்திருக்கும். காஸோடு காற்று கலப்பது அங்கேதான். அடுப்பு சும்மா இருக்கும் மாதங்களில் பூச்சிகளுக்கு அந்த வாய் ரொம்பப் பிடிக்கும். உள்ளே போய்க் கூடு கட்டிவிட்டால், அடுத்த தடவை திருகைத் திறக்கும்போது காஸ் பர்னருக்குப் போகாது, திரும்பி வரும். தீ, அடுப்புக்குள் பிடிக்காமல், திருகைப் பிடித்திருக்கும் கையில் பிடிக்கும்.

அவருடைய இடது புருவம் பாதிதான் இருக்கும். பிறவியிலேயே அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

"சிலந்தி," என்றார், புருவத்தைத் தொட்டுக் காட்டி. அவர் வீட்டுத் தோட்டத்தில், அவருடைய சொந்த அடுப்பில். ஆயிரக்கணக்கான பாய்லர்களைச் சோதித்தவரை ஒரு சிலந்தி பிடித்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று குழாய்களின் வாயிலும் கொசுவலைத் துண்டு வைத்து நூலால் கட்டுகிறார். எனக்கும் கட்டக் கற்றுக்கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் தார்ப்பாய் போட்டு, அடியில் காற்றுப் போக இடம் விட்டுக் கயிறு கட்டினோம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது என்று நான் வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு சுபாவம். 1998-இல் பார்த்த எல்லா மாதமும் அடுப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. டிசம்பரில் அவர் வந்து பார்த்து, பாய்லர்களே இப்படி வைக்கப்படுவதில்லை என்றார். என் வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று. மற்றது நினைவில் இல்லை.

1999-லும் அதேபோலத்தான் கட்டி வைத்தோம். வைகாசிக் காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து போயிருந்தது. மறுபடி கட்டினேன். குழாய்களைக் குனிந்து பார்த்தபோது மூன்றாவது குழாயில் வலை இல்லை. எதிர் வீட்டுச் சன்ஷேடுக்கு அடியில் அணில் கட்டியிருந்த கூட்டில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எங்கள் கொசுவலைதான் என்று நிரூபிக்க முடியாது. புது வலை வாங்கிக் கட்டுவதற்குள் அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குச் சோதனை வந்துவிட்டது.

ஆகஸ்டின் முதல் ஞாயிறு, ஆடி மாதம், தார்ப்பாயைத் தூக்கினேன். மூன்றாவது குழாயின் வாயில் ஈர மண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குளவி வாயில் மண் உருண்டையோடு வந்து, என்னைப் பொருட்படுத்தாமல் உள்ளே போனது.

கீழே வந்து கம்பி தேடினேன். மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேடறீங்க?"

"நீளமா ஒரு கம்பி. மேல் அடுப்புல குளவி கட்டுது. இன்னும் ஈரமாத்தான் இருக்கு, இப்பவே எடுத்துட்டா சுலபம்."

அவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தாள். கம்பி என் கையில் இருந்தது.

"அத எங்கிட்ட குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். கொண்டுபோய்ச் சமையலறைப் பரணில் போட்டாள். காரணம் சொல்லத் தேவை இல்லை. குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. கட்டிய கூட்டைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அந்த ஏழு வருடத்தில் வேலூரில் இரண்டு டாக்டர்களையும் சென்னையில் ஒருவரையும் பார்த்திருந்தோம். பௌர்ணமிகளில் மலை சுற்றினோம். எல்லா இடத்துக்கும் நாங்கள்தான் போனோம். எங்களைத் தேடி வந்தது அந்தக் குளவி ஒன்றுதான்.

நான் நூலகத்தில் எடுத்துப் படித்ததை அவளிடம் சொன்னேன். குளவி புழுக்களைக் கொட்டி மயக்கித் தூக்கி வந்து, ஒவ்வொரு அறையிலும் அடைத்து, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடும், குஞ்சு உள்ளேயே அந்தப் புழுக்களைத் தின்று வளரும் என்றேன்.

"பொறக்கறதுக்கு முன்னாடியே சாப்பாடு சேத்து வெக்குது," என்றாள். "அதுக்குக் கூட ஒரு கொறை கண்டுபுடிச்சிட்டீங்களா?"

அந்த வாரமே கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் பஸ் ஏறி வந்தார். ஒரு பை வேர்க்கடலையை இறக்கி வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனார். புடவையைச் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குனிந்து வெகு நேரம் பார்த்தார். எதிர் வீட்டம்மாவும் கூடவே ஏறி வந்திருந்தார். அந்த அடுப்பை அவர் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூடியைத் திறந்து கறி வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்ததையும் நான் கவனித்தேன்.

"பொட்டப் புள்ள," என்றார் மாமியார்.

"எப்படிங்க அத்தை சொல்றீங்க?"

"வாய் உருண்டையா கீது பாருங்க மாப்ள. பையனா இருந்தா நீட்டமா இருக்கும்."

"குழாய் உருண்டையா இருக்குறதால கூடும் உருண்டையா இருக்கலாம் இல்ல?"

மாமியார் தன் மகளைப் பார்த்தார். "இவுரு எப்பவுமே இப்பிடித்தானா?"

"ஆபீஸ்ல ஜாஸ்தி வேலைம்மா," என்றாள் அவள்.

மூடியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்கள். மறுநாளிலிருந்து மனைவி வாசலில் கோலம் போட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்து வருவாள். என் முதல் ஞாயிறுச் சோதனை நிறுத்தப்பட்டது. தார்ப்பாயை இழுத்தால் அடுப்பு ஆடும், ஆடினால் கூடு விட்டுப்போகும் என்றாள். செப்டம்பரில் ஒருநாள் அவளே வந்து, கூட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றாள். குளவி பிறந்து போய்விட்டது என்று அர்த்தம்.

"அப்போ கூடு காலி. இனிமே எடுக்கலாம்."

"அதுக்குப் பொறந்துடுச்சி," என்றாள். "நமக்கு?"

மாதாமாதம் அவள் தலைக்குக் குளித்தாள். நான் காலண்டரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. பார்ப்பது தெரியாமல் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரம் வெள்ளைக்காரர் வந்தார். பையை அறையில் வைத்துவிட்டுத் தார்ப்பாயை அவிழ்த்தார். மூடியிலிருந்த பொட்டைப் பார்த்தார். அது அவருக்குப் புதிதில்லை. ஐந்து வருடத்தில் அவருடைய சைக்கிள், மேஜை, டிரான்சிஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு விழுந்திருந்தது. பிறகு குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். இந்த ஊரில் பல வருடமாக வெளிநாட்டவரோடு பேசுகிறேன், அத்வைதத்தைக் கூட ஒருமாதிரி சொல்லிவிடுவேன். குளவியைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் பாதிப் புருவத்தை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எவ்வளவு காலம் ஆகும் என்றார்.

"ஆரம்பித்தால் பத்து மாதம். இன்னும் ஆரம்பிக்கவில்லை," என்றேன்.

மனைவிக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மற்ற இரண்டு பர்னரையும் எரிய விடலாமே என்று அவரிடம் என்னைச் சொல்லச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டார். ஒரு வால்வில் சந்தேகம் இருந்தால் பாய்லர் முழுவதும் சந்தேகம்தான், முப்பது வருடம் மற்றவர்களிடம் சொன்னதைத் தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது என்றார். கூட்டை உடைக்காமல் மண்ணோடு அப்படியே நெம்பி எடுத்து வேறொரு குழாயில் வைத்தால் பலன் கெடுமா என்று மரியாதையாகக் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"வூட்டப் பேத்து வேற எடத்துல வெச்சா அது வூடா?" என்றாள்.

நில அளவைத் துறையிலும் அதுதான் விதி. அவரிடம் சொன்னேன். அவர் தார்ப்பாயைத் திரும்பப் போட்டுக் கட்டினார். அன்றிலிருந்து காலையில் எங்கள் வீட்டு இட்லி சாப்பிட்டார்.

2000 ஜனவரி. பொங்கலுக்கு மாமியார் வந்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று மனைவி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து தட்டில் விழுவதை உடனுக்குடன் தின்றுகொண்டிருந்தார். பேச்சுவாக்கில், அவருடைய மகளுக்குப் பிப்ரவரியில் பிரசவம் என்று என்னிடம் சொன்னார். முதல் குழந்தை. அந்த வீட்டில் அதைச் சொல்லலாமா என்று ஒரு மாதமாக யோசித்திருக்கிறார். நானும் மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் 'பேபி' என்ற வார்த்தை மாமியார் காதில் விழுந்துவிட்டது.

"யாருக்குக் கொழந்த?"

"அவரு பொண்ணுக்குங்க அத்தை."

மாமியார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "மாப்ள, அந்த அடுப்பு யாருது?"

"அவருதுதான்."

"நீங்க வாங்கலையா?"

"இல்லீங்க. நாம வெச்சிப் பாத்துக்கறோம், அவ்ளோதான்."

"அப்ப கொளவி அவுரு வூட்டுக்குத்தான கட்டிகீது!" என்றார் மாமியார். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மகளைப் பார்த்தார்.

இடம் யாருடையது என்பதும், அனுபவிப்பவர் யார் என்பதும் வேறு வேறு என்று நான் தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

மனைவி எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வடை சிவந்து, அதற்கும் மேல் சிவந்துகொண்டிருந்தது. பிறகு அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அடுத்ததைத் தட்டி எண்ணெயில் விட்டாள்.

"எத்தினாவது மாசமாம்?" என்று கேட்டாள்.

"எட்டு."

"அப்ப அங்க பொறக்குற வரைக்கும் அடுப்ப யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க அவருகிட்ட. இவ்ளோ நாள் வெச்சிப் பாத்துட்டோம். கடைசில போயி கலைச்சிடப் போறாரு."

சொன்னேன். கூடு அவர் மகளுக்கானது என்று தீர்ப்பாகியிருப்பதையும் சொன்னேன். அவர் வடையை மென்று முடித்துவிட்டு, தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

"நம்பிக்க இல்லன்னா கம்முனு இருக்கச் சொல்லுங்க," என்றார் மாமியார்.

மறுநாள் காலை வெள்ளைக்காரர் மாடியில் பிரம்பு நாற்காலியை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். யாரும் தெரியாமல் இடித்துவிடாமல் இருக்க என்றார். அவரைப் பார்க்க வந்த இன்னொரு வெளிநாட்டுக்காரர், இது என்ன என்று தார்ப்பாயைத் தூக்கப் போனபோது, தொடாதே என்று அவர் சொன்ன சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. பாதுகாப்புக் காரணம் என்றும் சொன்னார். அது பொய்யும் இல்லை. சாயங்காலங்களில் அவர் டார்ச் அடித்துக் குழாயைப் பார்ப்பதை எதிர் வீட்டம்மா கவனித்து வந்து சொன்னார். என் மனைவி காலையில் போவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் அவர் இறங்கி வரும்போதெல்லாம், "சரியா இருக்கா?" என்று கேட்பாள். அந்த வார்த்தை அவருக்குப் புரியும்.

"சரி, சரி," என்பார்.

பிப்ரவரி கடைசி வாரம், அவர் செங்கம் சாலை எஸ்டிடி பூத்துக்குப் போய்விட்டுக் கையில் மைசூர்பாகு பொட்டலத்தோடு வந்தார். பெண் குழந்தை. இருவரும் நலம். பொட்டலத்தை என் மனைவியிடம் நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே, "சந்தோசங்க," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். மாமியாருக்கு ஆள்மூலம் தகவல் சொல்லி அனுப்பினேன். வாய் உருண்டை என்று தான் அப்போதே சொன்னதை நினைவுபடுத்தச் சொல்லி அதே ஆளிடம் பதில் வந்தது.

அடுத்த நாள் மனைவி பரணிலிருந்து கம்பியை எடுத்தாள். நான் செய்கிறேன் என்றேன், வெள்ளைக்காரரும் சொன்னார். அவள் எங்கள் இருவரிடமும் கொடுக்கவில்லை. அவர் பர்னரைக் கழற்றிக் கொடுத்தார். அவள் மாடித் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, குழாயை மடியில் சாய்த்துக்கொண்டு, கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தினாள். மண் காய்ந்து செங்கல் மாதிரி இருந்தது. துண்டு துண்டாக விழுந்தது. உள்ளே சிறு சிறு அறைகள், வழவழப்பாக. ஒரு அறையில் தோல் மாதிரி ஏதோ மெல்லிசாக ஒட்டியிருந்தது. இன்னொன்றில் காய்ந்த புழுக்கள் அப்படியே இருந்தன, முட்டை பொரிக்காமல் போயிருக்க வேண்டும். அதை அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு குழாயைத் தட்டி, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மண்ணை எல்லாம் தாளோடு சுருட்டி முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

அவர் பர்னரை மாட்டினார். நான் டியூபுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி இல்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பற்ற வைத்தார். மூன்று பர்னரும் ஒரே மாதிரி நீலமாக எரிந்தன. அன்று ராத்திரி கத்திரிக்காய் கொத்சு. எதிர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

மார்ச்சில் அவர் கிளம்பும்போது, இனிமேல் வருவது சந்தேகம் என்றார். பேத்தி, முழங்கால், விமான டிக்கெட் விலை என்று மூன்று காரணம் சொன்னார். அந்த வரிசையிலேயே சொன்னார். அடுப்பை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். வழியனுப்ப வந்திருந்த மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குடுக்கறேன்னு உங்ககிட்ட இங்கிலீசுல சொன்னா பத்தாது மாப்ள. எங்க எல்லார் எதுருலயும் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. அந்த அடுப்பு பக்கத்துல நின்னு."

அவரிடம் சொன்னேன். வெள்ளைக்காரர் காரணத்தைக் கேட்கவில்லை. மாடிக்கு வந்து, அடுப்பு மூடியின் மேல் கையை வைத்து, என் மனைவியைப் பார்த்து, "இது இனிமே உங்க அடுப்பு," என்றார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னார். மாமியார் மாடிச் சுவர், முருங்கை மரம், வானம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காது கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டுவிட்டதா என்று பார்ப்பது மாதிரி இருந்தது.

அவர் போன மறு ஞாயிறு அடுப்பைக் கட்டி வைத்தோம். எரிய விட்டு, தேய்த்து, துடைத்து, தட்டைச் சுரண்டி, கடலை எண்ணெய் தடவி, சிலிண்டரைக் கழற்றி எல்லாம் முறைப்படி செய்தேன். கொசுவலையில் மூன்று துண்டு வெட்டி வைத்திருந்தேன். முதல் குழாய்க்குக் கட்டினேன், இரண்டாவதுக்குக் கட்டினேன். மூன்றாவது துண்டை எடுத்தபோது மனைவி என் கையிலிருந்து அதையும் நூலையும் வாங்கிக்கொண்டாள். கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் தார்ப்பாயைப் போட்டு, அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டுக் கட்டினேன்.

அந்த ஆடியில் குளவி வந்தது. எதிர் வீட்டு மின்சார மீட்டர் பெட்டிக்கு மேல் கட்ட ஆரம்பித்தது. அந்தம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவன் பட்டாளத்தில் இருந்தான். துடைப்பத்தை எடுத்து, "இந்த வயசுல என் மானத்த வாங்கவா வந்த?" என்று ஒரே தட்டு. என் மனைவி எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று குளவியிடம் யார் சொல்வது?

டிசம்பரில் சோளம் சுடுவதற்காகத் தார்ப்பாயை எடுத்தோம். மூன்றாவது குழாயின் வாயில் வெள்ளையாக இருந்தது. டார்ச் அடித்தேன். சிலந்தி. வலையை நன்றாக உள்ளுக்கு இழுத்துக் கட்டியிருந்தது.

"சிலந்திக்கு ஏதாவது பலன் உண்டாங்க அத்தை?" என்று அன்று வந்திருந்த மாமியாரிடம் கேட்டேன்.

"சிலந்திக்கு இன்னா பலன்? ஒட்டட அடிக்கணும்னு பலன்."

மனைவி கம்பியின் நுனியில் துணியைச் சுற்றி அதைச் சுத்தம் செய்தாள். சிலந்தியைத் தாளில் ஏற்றிக் கொண்டுபோய் முருங்கை மரத்தில் விட்டாள். சோப்புத் தண்ணீர் தடவி, தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் பற்ற வைத்தேன். என் இரண்டு புருவமும் இன்றுவரை முழுதாக இருக்கின்றன.

2001 மார்ச்சில் மறுபடி கட்டி வைக்கும் நாள் வந்தது. எண்ணெய் தடவி முடித்ததும் அவள் வலையைக் கேட்டுக் கையை நீட்டினாள். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் இரண்டு துண்டுதான் வெட்டிக்கொண்டு வந்திருந்தேன்.